சிக்காகோவில் வசிக்காத தயாளன்

போன மாதம் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபின் ஜெர்மனியில், ஹனோவர் அலுவலகத்தில் என் மேசையில் இருப்பவள் அவள்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை. டார்ம்ஸ்டாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவள்.

"சார், பழைய சிஸ்டத்துல ஒரு செக்பாக்ஸ் இருக்கு. பார்ட்னரோட ஸ்டேட்டுக்குப் பக்கத்துல. டிக் பண்ணினா அந்த பார்ட்னர் அக்கவுன்ட் குளோஸ் ஆயிடுது. எதுக்குன்னு இங்க யாருக்குமே தெரியல. டிலீட் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்கோ பிள்ளை. அதுக்கு இப்ப வேலை இல்லை."

"இல்ல சார், டாக்குமென்டேஷன்ல ஒரு லைன் எழுதணும். எதுக்கு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஒரு வரிதானே, இரவுக்குள் அனுப்புகிறேன் என்றேன். நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன். எழுத எழுத எனக்கே விளங்காமல் போயிற்று. பத்து வருடம் அந்தப் பெட்டியில் சரி அடையாளம் போட்டவன் நான். அது ஏன் இருந்தது என்று இன்றுவரை எனக்கு ஒழுங்காகத் தெரியாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அதனால் ஒரு வரிக்குப் பதில் இதை எழுதுகிறேன். நிவேதாவுக்கு இது உதவாது.

என் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தேன், உணவகத்தில் தட்டுக் கழுவினேன், முப்பது வயதில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன். தபாலில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் சில வருடம். அது இணையத்தில் அடிபட்டு மூடியபோது, அடித்த பக்கத்துக்கே வேலைக்குப் போனேன்.

புதிய இடத்தில் எங்கள் தொழில் தரகு என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய இணையக் கடை இருக்கிறது. எங்கோ ஒருவர் தன் வலைத்தளத்தில் காலணியைப் பற்றியோ காப்பி இயந்திரத்தைப் பற்றியோ எழுதுகிறார். கீழே கடைக்கு ஓர் இணைப்புப் போடுகிறார். வாசித்தவர் அதை அழுத்திப் போய் வாங்கினால் எழுதியவருக்குச் சிறு பங்கு. அவர்களை நாங்கள் பங்காளர் என்போம். கடைக்கும் பங்காளருக்கும் நடுவில் நின்று ஒப்பந்தம் போட்டு, விலாசம் சரிபார்த்து, பங்கைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. பங்காளர் பிரிவில் நான் இருந்தேன்.

எனக்கு மேலதிகாரி ஃப்ராவ் பிராண்டெஸ். ஜெர்மனில் ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. உயரமான, மெலிந்த பெண்மணி. மேசையில் ஒரு மர அடிமட்டம், கோடு போடும் அளவுகோல், எப்போதும் கிடக்கும். எந்தத் தாளை வாசித்தாலும் வரிக்குக் கீழே அதை வைத்துத்தான் வாசிப்பார். திரையில் இருப்பதை அவர் நம்புவதில்லை. முதலில் அச்செடுக்க வேண்டும். அவரிடம் போய், "அவர் இப்படி நினைத்திருப்பார்", "இதற்குக் காரணம் என்னவென்றால்" என்று தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "ஹெர் செல்வநாதன், அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னைக் கேட்பார். பதினாறு வருடத்தில் இந்தக் கேள்வி எத்தனை தடவை என் காதில் விழுந்திருக்குமோ தெரியாது. கடுமையானவர், ஆனால் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எனக்கு அவரிடம் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இனி அந்தச் சட்டம். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கடைக்கு ஒரு மாநிலத்தில் கட்டடமோ ஆளோ இல்லையென்றால், அந்த மாநிலத்துக்காரரிடம் வரி வாங்கிக் கட்ட வேண்டியதில்லை என்பது அன்றைய நிலைமை. வாங்கியவரே தானாகக் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டுமாம். யார் கட்டுவார்? இணையக் கடைகள் பெருத்ததும் மாநிலங்கள் விழித்துக்கொண்டன. ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் கொண்டுவந்தன. எங்கள் மாநிலத்தில் இருந்துகொண்டு உனக்கு இணைப்புப் போடுகிறானே, அவன் உன்னுடைய ஆள்தான், ஆகவே உனக்கு இங்கே ஒரு கால் இருக்கிறது, வரியை வாங்கிக் கட்டு என்றன. கடைகளில் பல என்ன செய்தன? அப்படியானால் எனக்கு அந்தக் கால் வேண்டாம் என்று, அந்த மாநிலத்துப் பங்காளர் எல்லோரையும் ஒரே நாளில் வெட்டிவிட்டன.

வெட்டியபின் மாநிலத்துக்கு அந்த வரியும் வரவில்லை. பங்காளர்களின் வருமானம் போனதால் அவர்கள் கட்டிய வருமான வரியும் குறைந்தது. கடை வழக்கம்போல விற்றது. இதில் யாருக்கு என்ன லாபம் என்று ஒருநாள் ஃப்ராவ் பிராண்டெஸிடம் கேட்டேன். "தெரியவில்லை," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெட்டுகிற வேலை எங்களுக்கு வரும். அதற்கு ஒரு முறை இருந்தது. கடையிடமிருந்து மாநிலத்தின் பெயரும் தேதியும் வரும். அந்த மாநில விலாசம் உள்ள பங்காளர் பட்டியலை நான் அச்செடுப்பேன். பிறகு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்காருவோம். அவர் அடிமட்டத்தை வைத்துப் பெயரை வாசிப்பார். நான் ஒப்பந்தத்தை எடுத்து விலாசத்தைப் பார்த்து, "இருக்கிறார்" என்பேன். அவர் பச்சைப் பென்சிலால் கோடு போடுவார். கடைசித் தாளில் இருவரும் கையெழுத்து. அதன் பிறகுதான் நான் கணினிக்குப் போய் ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பெட்டியில் அடையாளம் போடுவேன். கடிதங்கள் தானாகப் போய்விடும்.

பதில்களை வாசிப்பதும் என் வேலைதான். பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூண்டுகளைப் பற்றி எழுதிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, "நான் எந்தச் சட்டத்தை மீறினேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். அவர் எதையும் மீறவில்லை. அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரு இளம் தம்பதி வீட்டையே காலி செய்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோய்விட்டு, விலாச மாற்றம் அனுப்பினார்கள். அதை ஏற்றுக்கொண்டோம். அதே ஆட்கள், அதே வலைத்தளம். ஆற்றைக் கடந்ததும் எல்லாம் சரி.

பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு சிக்காகோ நகரம் இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் முறை வந்தது.

தயாளனை எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஹனோவரிலேயே இருந்தார். வெதுப்பகத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கி முதுகெலும்பு விலகி, வேலையை விட்டவர். வைத்தியர் நடக்கச் சொன்னார். இவர் கால்வாய்க் கரை வழியே நடந்து, அங்கே மீன்பிடிக்கிறவர்களோடு சேர்ந்து, ஜெர்மன்காரர் கேட்கும் மீன்பிடிப் பரீட்சையையும் எழுதித் தேறி, தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டார். சும்மா இருக்க மாட்டாத மனிதர். எந்த ரீலில் நூல் சிக்கும், எது மழையில் துருப்பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். சிக்காகோவில் இருந்த அக்காவின் மகள் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். அமெரிக்க மீன்பிடிகாரர் ஆயிரக்கணக்கில் வாசித்தார்கள். ஹனோவரில் ஒரு யாழ்ப்பாணத்தான் எழுதுகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.

தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் என்னைப் பிடித்தார். "அண்ணை, நீங்கள் வேலை செய்யிற இடத்தாலதானே உந்த அமெரிக்கன் கடையில சேரலாம்? ஜெர்மனியில இருக்கிற ஆளை அவை எடுப்பினமோ?"

எனக்கு அப்போது கையில் ரோல்ஸ் பலகாரத் தட்டு. யோசிக்கவே இல்லை. "அக்கா சிக்காகோவிலதானே தம்பி? அக்கான்ர விலாசத்தைக் குடுமன். அமெரிக்கன் விலாசமெண்டால் கெதியா எடுப்பினம்."

"பிரச்சினை வராதோ?"

"என்ன பிரச்சினை? நாங்கள் பாக்காத விலாசமே?"

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. படிவம் விலாசம் கேட்டால், அந்த நாட்டில் சொந்தத்தில் யார் இருக்கிறாரோ அவருடையதைப் போடுவோம். லண்டனுக்கு மாமா, பாரிசுக்கு மச்சான். அதைப் பொய்யென்று யாரும் நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டியவன் நான். அந்த விலாசங்களைச் சரிபார்க்கச் சம்பளம் வாங்கியவன் நான்தானே. ஜெர்மன் விலாசத்தோடும் அந்தக் கடை ஆட்களை எடுத்தது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. அன்றைக்கு ஏன் வாயில் வரவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

இல்லினாய்ப் பட்டியலை அன்று காலையில் வாசித்துக்கொண்டு போனோம். நடுவில் ஃப்ராவ் பிராண்டெஸ், "தயாளன்" என்று வாசித்தார்.

நான் ஒப்பந்தத்தை எடுத்தேன். அக்காவின் விலாசம். ஆள் இருப்பது எங்கள் அலுவலகத்திலிருந்து டிராமில் இருபது நிமிடத்தில்.

"ஹெர் செல்வநாதன், இருக்கிறாரா, இல்லையா?"

"இருக்கிறார்," என்றேன். பச்சைக் கோடு விழுந்தது.

கடிதம் போன மறுநாள் தயாளன் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இல்லினாய்ச் சட்டமாம். நான் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை. கௌரியின்ர விசா என்ன ஆகப்போகுது?"

அந்தக் கடைப் பங்குதான் அப்போது அவருடைய பிழைப்பு. கௌரி அவருடைய மனைவி. கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடமாக யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கொழும்புத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்துவிட்டது. இங்கே வெளிநாட்டவர் அலுவலகம் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டிருந்தது. மனைவியை வைத்துப் பார்க்கத் தயாளனுக்கு நிலையான தொழில் இருக்கிறது, ஒப்பந்தம் தொடர்கிறது என்று எங்கள் நிறுவனம் எழுதித் தரும் ஓர் உறுதிக் கடிதம். மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அந்த இளம் தம்பதி ஞாபகம் வந்தது. "பயப்பிடாதேயும். விலாச மாற்றம் அனுப்பும். ஹனோவருக்கு வந்திட்டனெண்டு. நகரசபையில குடியிருப்புப் பத்திரம் எடுத்து வையும்."

அவர் எடுத்து அனுப்பினார். நான் நேரே ஃப்ராவ் பிராண்டெஸிடம் கொண்டுபோனேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன். அவர் அடிமட்டத்தை ஒவ்வொரு வரியாக இறக்கினார். பெயர். பிறந்த திகதி. தெரு. ஒரு வரியில் அடிமட்டம் நின்றுவிட்டது. எந்தத் திகதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார் என்ற வரி. அப்படி ஒரு வரி அதில் இருக்கும் என்பது இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்று மறந்துவிட்டது.

"ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறார்," என்றார். "அப்படியானால் சிக்காகோவில் எப்போது இருந்தார்?"

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக விளக்கம் சொன்னார். இந்தச் சட்டம் இந்த மனிதரைத் தொடவே தொடாது, ஏனென்றால் அவர் அங்கே வசிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் தொடும், ஏனென்றால் பொய் விலாசம் கொடுத்திருக்கிறார். பொய் சொன்னால் சட்டத்தில் மாட்டுகிறார், உண்மையைச் சொன்னால் ஒப்பந்தத்தில் மாட்டுகிறார். "ஒரு வழிதான் இருக்கிறது," என்றார். "எங்கள் அலுவலகத்தில் யாராவது அவருக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருந்தால், பிழை எங்களுடையது. அப்போது விலாசத்தை நானே திருத்தலாம். உறுதிக் கடிதமும் தரலாம். யாராவது சொன்னார்களா?"

இந்த இடத்தில் கதையை மெதுவாகச் சொல்ல வேண்டும். அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாரா? இன்றும் தெரியவில்லை. அவருடைய முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மகள் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துமூல எச்சரிக்கை ஒன்று என் கோப்பில் ஏறும், இரண்டாவது ஏறினால் வெளியே. அந்த வயதில் வேறு எவன் என்னை எடுப்பான்? இதெல்லாம் அந்த நிமிடத்தில் யோசித்தேனா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா, அதுவும் குழப்பம்.

"எனக்குத் தெரியவில்லை," என்றேன்.

"அப்படியானால் அவரே எழுதித் தரட்டும். எப்படி இந்த விலாசம் வந்தது என்று."

அன்று மாலை தயாளன் வீட்டுக்குப் போனேன். எழுதித் தர வேண்டும் என்றேன். யாராவது சொல்லிக் கொடுத்ததாக எழுதினால் அவர் தப்புவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். படியேறும்போதும் சொல்வதாகவே இருந்தேன். அவர் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து, நான் வாயைத் திறக்குமுன், "அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்கட பேரை நான் ஒரு இடத்திலயும் எழுத மாட்டன்," என்றார்.

அது எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது. அகதி மனு எழுதிய காலத்திலிருந்து வந்த பழக்கம். உன்னைப் பற்றி என்னவும் எழுது, இன்னொருவன் பெயரை ஜெர்மன் தாளில் ஏற்றாதே. ஏற்றினால் அவனுக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் அதைக் காப்பாற்றினோம். எங்களில் பலரைக் காப்பாற்றியதும் அதுதான். தயாளனும் அதைத்தான் செய்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சொல்லவில்லை.

அவர் தமிழில் எழுதினார். ஜெர்மனில் மாற்றியது நான். "எனது அறியாமையால் நானே இந்த விலாசத்தைக் கொடுத்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை." இரண்டாவது வசனத்தை மொழிபெயர்க்கும்போது பேனா ஓடவில்லை. அதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டால் தப்பாகிவிடுமே என்று அதையும் எழுதினேன். அதில் மட்டும் நேர்மையாக இருந்தேன் பாருங்கள்.

ஃப்ராவ் பிராண்டெஸ் இரண்டு வசனத்தையும் அடிமட்டம் வைத்து வாசித்தார். இரண்டாவதை இரண்டு தடவை வாசித்தார். என்னைப் பார்த்தார். "இப்படித்தான் எழுதியிருக்கிறது," என்றார். கோப்பை மூடிவிட்டார்.

உறுதிக் கடிதம் போகவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. தயாளன் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். முதுகு விலகிய மனிதர், இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு மறுபடி மூட்டை தூக்கினார். நிலையான வேலை என்று எழுதிக் கொடுக்க ஒரு கடிதம் வேண்டுமே. மறுபடி மனு, மறுபடி கொழும்பு நேர்காணல். கௌரி வந்து சேர மூன்று வருடம் ஆயிற்று.

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லிவிட்டது. ஒரு மாநிலத்தில் கட்டடமோ ஆளோ இல்லாவிட்டாலும், அங்கே போதுமான அளவு விற்றால் கடை வரி வாங்கிக் கட்டத்தான் வேண்டும். பங்காளர் எங்கே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது. வெட்டப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கலாம் என்று கடை அறிவித்தது. தயாளனுக்கு நானே எழுதினேன். அவர் பதில் போடவில்லை. அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். அது எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஃப்ராவ் பிராண்டெஸ் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். போகும் நாளில் சொல்லிவிட நினைத்தேன், முடியவில்லை. தயாளனிடம் சொல்லத் தோன்றிய நாட்களுக்குக் கணக்கில்லை. மனைவிக்கும் தெரியாது. முதன்முதலாக இங்கேதான் எழுதுகிறேன்.

நிவேதா அழைத்து ஒரு வாரம் கழித்து, தமிழ்க்கடை வாசலில் தயாளனையும் கௌரியையும் கண்டேன். தயாளன் காரின் பின்கதவைத் திறந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கௌரி அரிசி மூட்டையைத் தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவரைத் தொட விடவில்லை. இப்போது அவருக்குக் குனிந்து பாரம் தூக்கவே ஏலாதாம். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணை, கனகாலமா உங்களைக் கண்டு ஒரு நன்றி சொல்ல வேணுமெண்டு இருந்தனான். இவர் எப்பவும் சொல்லுறவர். அந்த நேரம் ஒஃபீசில எங்களுக்காக நிண்டது நீங்கள் ஒராள்தானாம். எங்களுக்காக மேலிடத்தோட சண்டையே பிடிச்சனீங்களாம்."

நான் தயாளனைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாரா? அவர் திரும்பவே இல்லை. வெங்காயப் பையைச் சரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றேன். "என்னால ஏலுமானதைச் செய்தனான்."